சீர் வண்டியில் வந்த கியர் பெட்டி

அண்ணே,

இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றுவிட்டது. திருவேங்கடத்திலிருந்து பருத்தி ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிற லாரி. டிரைவர் அடியில் படுத்து எதையோ கழற்ற, கருப்பாக எண்ணெய் தெருவில் ஒழுகியது. நான் உள்ளே சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. கியர் எண்ணெய். கடையத்தில் அந்த வாடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமை உன்னால் வந்தது.

"அம்மா, பழைய துணி இருந்தாக் குடுங்க, கை தொடைக்கணும்" என்று டிரைவர் கேட்டான். கொடுத்தேன். உளுந்தை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். இதை எந்தத் தபால்காரனிடம் கொடுப்பாய் என்று கேட்காதே. நீதான் எதையும் காசு கட்டி அனுப்பாதவனாயிற்று. காலியாகப் போகிற வண்டி எதிலாவது போட்டுவிட்டால் போய்ச் சேரும் என்பதுதானே உன் நம்பிக்கை.

அப்பா போனபிறகு நீ தொடங்கிய தொழிலுக்குத் தென்காசியில் யாரும் பெயர் வைக்கவில்லை. குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வந்த பெரிய மனிதரின் கார் மலை ரோட்டில் சாய்ந்தாலும் சரி, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துத் துரை தன் பழைய வண்டி வேண்டாம் என்றாலும் சரி, நீ போய் நிற்பாய். அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, நம் வீட்டுப் பின்கட்டில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பாய். எஞ்சின் ஒருவருக்கு, அச்சு ஒருவருக்கு, சக்கரம் இன்னொருவருக்கு என்று பஸ்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் விற்பாய். அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, கோவில்பட்டி என்று எங்கெங்கோ உனக்கு ஆள் இருந்தது. அவர்கள் எல்லாருக்கும் பேச்சு ஒன்றுதான். சாமான் எங்கள் வாசலில் இறங்கினால்தான் விலை.

அங்கேதான் உன் பிழைப்பு முழுதும் இருந்தது. இரும்பு கனக்கிற கனத்துக்கு ரயிலில் போட்டால் லாபம் ரயில்காரனுக்கு. தனி வண்டி பிடித்தால் வண்டிக்காரனுக்கு. அதனால் நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாய், எந்த வண்டி பாரம் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிறது என்று. "காலியாப் போற வண்டியப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, ஏட்டி. ரெண்டு மாடு, ஒரு ஆளு, அச்சு தேய தேயக் காத்த ஏத்திக்கிட்டுப் போறான்" என்பாய்.

வைக்கோல் இறக்கிய வண்டியில் அச்சுப் போகும். வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவில் ரேடியேட்டர் போகும். பானை விற்றுத் திரும்பும் வண்டியில் சக்கரம் போகும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் குளிக்கப் போன கூட்டத்து வண்டியில் வைக்கோலுக்கு அடியில் ஏதோ இரும்புத் தண்டை வைத்துவிட்டாய். அதன்மேல் உட்கார்ந்து போன அம்மாள் பாபநாசம் வரை இடுப்பைக் குத்துகிறது என்று புலம்பிவிட்டு, முங்கி எழுந்ததும் வலி போய்விட்டது, எல்லாம் தீர்த்த மகிமை என்றாளாம். அதை நீ வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் ஆற்றங்கரையில் துணி துவைக்கிற இடத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் சாமி கும்பிடப் போற வண்டியையும் விடமாட்டாராமே" என்று கேட்டிருந்தாள். எனக்கு வெட்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

நீ யாரையும் ஏமாற்றவில்லை, கேட்டுத்தான் ஏற்றினாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்பதே எனக்குக் கேவலமாக இருந்தது. நடுரோட்டில் கையைக் காட்டி, ஓடிப்போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, காலியாத்தான போறீய?" என்று நீ பல்லைக் காட்டுவதை ஒரு தடவை கோயில் வாசலிலிருந்து பார்த்தேன். அன்றைக்குக் கூட இருந்த பெண்களிடம் அது யாரோ என்பதுபோல வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

என் கல்யாணம் ஒரு தை மாதம் நம் வீட்டுப் பந்தலில் நடந்தது. மறுநாள் காலை கடையத்துக்குப் புறப்பாடு. முன்னால் வில்வண்டியில் நானும் அவரும். பின்னால் சீர் வண்டிகள் இரண்டு, அவற்றோடு நீ. சீர் வண்டிக்கு நம் பக்கம் யாரும் வாடகை பேசுவதில்லை. பெண்ணோடு போகிற வண்டி என்றால் வண்டிக்காரனுக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டு விருந்து. அவ்வளவுதான். என்ன பாரம், எவ்வளவு பாரம் என்று அவனும் கேட்கமாட்டான், வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் பாதித் தூரம் ஒரு வண்டி இப்படிச் சும்மா போகிறது என்றால் உன் கை சும்மா இருக்குமா?

அம்பாசமுத்திரத்துப் பஸ் முதலாளி ஒருவர் ஒரு லாரிக் கியர் பெட்டிக்கு அச்சாரம் கொடுத்திருந்தார். அந்த அச்சாரத்தில்தான் என் முகூர்த்தப் பட்டு வந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். பெட்டியைத் தூக்க நல்ல ஆள்கள் வேண்டும், அப்படி ஒரு கனம். அதற்கு இடம் வேண்டும் என்று, சீர் வண்டியில் ஏற்றியிருந்த ஆட்டுரலை நீ இறக்கி வைத்தாய். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏலே, உரல எங்கன கொண்டு போற?"

"ரெண்டு கனத்த வண்டி தாங்காதும்மா. நாளைக்குப் பனங்கிழங்கு வண்டி ஒண்ணு கடையம் போவுது. அதுல உரலு பின்னாலயே வந்துரும்."

"சீர் ஒண்ணாப் போனாத்தாம்லே அழகு."

"ஒருநாள் முன்னபின்ன வந்தா உரலு மாவு ஆட்டாதா?" என்றாய். உனக்கு எதற்கும் ஒரு பதில் இருந்தது.

பெட்டிக்குள் எண்ணெய் இருந்தது. வடித்துவிட்டுக் கொண்டுபோனால் பல்சக்கரம் துருப்பிடித்திருக்கும் என்று விலையைக் குறைப்பார்களாம். அடியில் இருக்க வேண்டிய திருகாணி எங்கேயோ தொலைந்துபோய், நீ ஒரு மரத்துண்டில் துணியைச் சுற்றி அந்த ஓட்டையை அடைத்திருந்தாய். சாக்கைப் போட்டுக் கட்டினாய். பார்க்கிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று மேலே ஒரு புது வேட்டியும் சுற்றினாய்.

திட்டத்தில் குறை சொல்ல முடியாது. கடையத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் அம்பாசமுத்திரத்து வண்டி காத்திருக்கும். எங்கள் வில்வண்டி முன்னால் போய்விடும். சீர் வண்டி கொஞ்ச நேரம் நின்று, பெட்டியை மாற்றிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு ஊர் எல்லையில் வந்து அழைப்பதுதான் வழக்கம். எல்லைக்கு வெளியே எது ஏறினால் என்ன, எது இறங்கினால் என்ன?

நீ கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அவர்களுக்கு நம்மை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போனதால் எல்லையில் நிற்க மனமில்லாமல் புளியமரம் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் அங்கேயே தொடங்கிவிட்டன. உன் அம்பாசமுத்திரத்து வண்டிக்காரன் பாவம், கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் இரும்பைக் கேட்க வாய் வராமல், தன் வண்டியையும் ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டான். அவனும் நம் ஆள் என்று நினைத்து அவன் மார்பிலும் சந்தனம் பூசினார்கள். அன்று மத்தியானப் பந்தியில் அவன் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த நாளில் வயிறாரச் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

வீட்டு வாசலில் சீர் இறக்கும்போது நீ ஓடிவந்தாய். "நாங்களே இறக்குதோம், நீங்க தொடாதீய" என்று குறுக்கே நின்றாய். என் சின்னமாமனார் உன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க அலுத்து வந்திருக்கிய, தம்பி. சீர எறக்குதது எங்க வேல." அவருக்கு அது மரியாதை. உனக்கு அது என்னவாக இருந்ததோ.

வெள்ளை வேட்டி சுற்றிய அந்தக் கனத்தை இளவட்டங்கள் சேர்ந்து தூக்கினார்கள். "உரலு என்னா கனம் கனக்குது, பாத்தியாலே. கருங்கல்லுலயே தேர்ந்த கல்லு" என்று ஒருவன் மூச்சிரைக்கச் சொன்னான். நடு முற்றத்தில் கோலத்தின் மேல் இறக்கினார்கள். என் மாமியார் கை நிறைய மஞ்சள் எடுத்து அதன் தலையில் பூசி, குங்குமம் வைத்தாள். சுமங்கலிகள் வரிசையாக வந்து ஆரத்தி எடுத்தார்கள். குலவை போட்டார்கள். நான் புதுப்பெண், தலையை நிமிர்த்தக் கூடாது. குனிந்தபடியே ஓரக்கண்ணால் உன்னைத் தேடினேன். நீ தூணோடு ஒட்டிக்கொண்டு, ஆரத்தித் தட்டு சுற்றுகிற பக்கமெல்லாம் கண்ணைச் சுற்றிக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்த்துத்தான் அது உரல் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் பூசிய இடத்துக்குக் கீழே வேட்டி கருத்தது. முதலில் ஒரு காசு அகலம். பிறகு ஒரு தட்டு அகலம். பிறகு கோலத்தின் மேல் கருப்பாக ஓட ஆரம்பித்தது. அதே நேரம் வண்டியில் மிச்சச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். வழியெல்லாம் குலுங்கியதில் மரத்துண்டு நழுவி, எண்ணெய் வண்டி முழுதும் பரவியிருந்தது. மெத்தை, தலையணை, சீனி மூட்டை, அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய பத்தமடைப் பாய், எல்லாம் நாசம். சின்னமாமனார் வேட்டியை உருவினார். சாக்கைக் கிழித்தார்.

"இது என்னதுலே?"

தூக்கிய இளவட்டங்களில் ஒருவன், "மோட்டார் சாமான் மாதிரி இருக்கு" என்றான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சீர்னு சொல்லி லோடு அடிச்சிருக்கான்." பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பி, நிற்காமல் வாசல் வரை போயிற்று. மேளக்காரர்களும் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நேற்றுத் தாலி கட்டியவர், தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

நீ நடு முற்றத்துக்கு வந்து கைகூப்பினாய். "தப்பு எம்மேலதான். அம்மைக்கும் தங்கச்சிக்கும் ஒண்ணும் தெரியாது. இப்பமே எடுத்துட்டுப் போயிருதேன். உரலு நாளைக்கு வந்துரும்."

என் மாமியார் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மஞ்சப் பூசி, ஆரத்தி எடுத்து, குலவையும் போட்டாச்சு. உள்ள வந்த சீர் வெளிய போற வழக்கம் எங்க வீட்ல கெடையாது. இது இங்கனயே இருக்கட்டும். நாளைக்கு வேற உரலு கொண்டு வராதீய. ஒரு பொண்ணுக்கு ஒரு உரலுதான்."

அப்படித்தான், அண்ணே, கியர் பெட்டி எனக்குச் சீரானது. மறுநாள் பனங்கிழங்கு வண்டியில் வந்த ஆட்டுரலை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நீ அந்த அச்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பட்ட பாட்டை அம்மா சொல்லித்தான் கேட்டேன்.

பெட்டியை முற்றத்தின் ஓரத்தில், அந்த வீட்டுப் பழைய உரலுக்குப் பக்கத்தில் உருட்டி வைத்தார்கள். பழைய உரலின் விளிம்பு எப்போதோ உடைந்திருந்தது. மாவு ஆட்டும்போதெல்லாம் கல் துருவல் விழும். பக்கத்தில் உன் பெட்டி, கன்றுக்குட்டி கட்ட வாகாக. பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைக்கும்போது அதற்கும் வைக்க வேண்டும் என்பாள் மாமியார். வைக்கிறது என் கை. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும், "இதுவா அது?" என்று கேட்பார்கள். நான் காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. அவர் பேசாததும் சேர்ந்து எனக்குப் பாரமாக இருந்தது.

நீ வருவதை நிறுத்தவில்லை. வந்தால் முதலில் நான் கேட்பது, சாப்பிட்டாயா என்று இல்லை. "எதுல வந்தே அண்ணே?" என்றுதான். "பூசணிக்காய் வண்டியில" என்பாய், "உமி வண்டியில" என்பாய். உன் வேட்டியில் உமி ஒட்டியிருக்கும். மெதுவாகச் சொல் என்று நான் கண்ணைக் காட்டுவேன். பெட்டி பக்கம் நீ பார்க்கவே மாட்டாய். கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோல அதன் அருகில் போய் நின்று, யாரும் கவனிக்காதபோது அந்த ஓட்டையில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாய். துரு ஏறுகிறதா என்று. ஒரு தடவை கையோடு ஒரு திருகாணி கொண்டுவந்து அடைத்துவிட்டுப் போனாய்.

உனக்குப் பெண் பார்க்க அம்மா எத்தனையோ இடத்துக்கு ஆள் அனுப்பினாள். சீர்க் கதை உனக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் ஏதோ காலி வண்டியில் ஏறிப் போயிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்து வீடு ஒன்றில், "நாங்க பொண்ணு அனுப்பினா கூட என்னத்த ஏத்தி விடுவாரோ" என்று சொல்லி அனுப்பினார்கள். நீ அதையும் சொல்லிச் சிரித்தாய். அம்மா அந்தத் தடவை சிரிக்கவில்லை. உனக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

யுத்தம் வந்தது. சீமையிலிருந்து மோட்டார் சாமான் வருவது நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் ஓடின. முன்பு அச்சாரம் கொடுத்தாரே, அதே அம்பாசமுத்திரத்து முதலாளி உன்னைத் தேடி வந்தாராம். அவருடைய பஸ் கியர் உடைந்து நின்றுவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை. நீ அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு என் மாமியாரிடம் பேசினாய்.

"விக்கதுக்கா சீர வாங்கி வச்சிருக்கேன்?" என்றாள் அவள்.

அவள் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "அது அவ சீரு. அவ குடுத்தாக் குடுக்கட்டும்" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்துத் தொலைத்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் நீ அதை எப்படிக் கொண்டுபோவாய் என்பதுதான் என் கண்முன் நின்றது. தெருவில் போகிற சாணி வண்டியை மறிப்பாய், பல்லைக் காட்டுவாய், பழைய சிரிப்பு மறுபடி கிளம்பும். உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போ அண்ணே. ஆனா ஓசி வண்டியில ஏத்தாத. வாடக பேசி வண்டி கொண்டா. முன்வாசல் வேண்டாம். பின்வாசல் வழியா, தெரு சாப்பிட்டு அசந்து கெடக்குத நேரமாப் பாத்து எடுத்துட்டுப் போயிரு."

"சரி ஏட்டி" என்றாய். மத்தியான வெயிலில் வாடகை வண்டி பின்வாசலுக்கு வந்தது. நீயும் வண்டிக்காரனும் சத்தம் வராமல் அதை ஏற்றினீர்கள். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் போன நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பேசாததற்கெல்லாம் சேர்த்து அடுத்த வாரம் வந்து பேசினாய். காலை வேளை, தெரு முழுக்க ஆள். முன்வாசலில் ஒரு வண்டி நின்றது, அதில் அம்மா இத்தனை வருஷமும் தென்காசியில் பத்திரமாக வைத்திருந்த என் ஆட்டுரல். நீ வண்டியிலிருந்து குதித்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி வண்டிக்காரனிடம் கேட்டாய்: "வாடக முழுசும் குடுத்தாச்சா இல்லையா? சத்தமாச் சொல்லும்."

"குடுத்தாச்சு அண்ணாச்சி. தென்காசியிலயே குடுத்தாச்சு" என்று அவனும் கத்தினான்.

தெருவே சிரித்தது. என் மாமியாரும் வெளியே வந்து சிரித்துவிட்டாள். "போனதுக்கு வந்தது, சரியாப் போச்சு" என்று சொல்லி உரலுக்குக் குங்குமம் வைத்தாள். "ஏட்டி, உன் உரல வந்து பாரு" என்று நீ வாசலிலிருந்து கூப்பிட்டாய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அடுக்களையிலேயே இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாய். பிறகு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. வாடகை கொடுத்த வண்டியாயிற்றே, திரும்பும்போது அதில் மகாராஜாவாக உட்கார்ந்து போயிருப்பாய்.

அடுத்த சாரலில், மலையில் ஏதோ தோட்டத்து லாரியைப் பார்க்கப் போன இடத்தில் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. செங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். நானும் அவரும் ரயில் ஏறி வந்து சேர்ந்தபோது உன்னை வராந்தாவில் கிடத்தி, முகத்தையும் மூடியிருந்தார்கள். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அம்மா தென்காசியில், இன்னும் சேதி தெரியாமல், உனக்குக் கஞ்சி கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

உன்னைத் தென்காசிக்கு எப்படிக் கொண்டுபோவது? காருக்குப் பெட்ரோல் இல்லை. ரயிலில் ஏற்றுவதற்கு அனுமதி வேண்டும், சவப்பெட்டி வேண்டும் என்று எதையெதையோ சொன்னார்கள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தார். ஒரு கனத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேட்பதற்கு எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவன் கோரைப்பாயில் கிடந்தான்.

அப்போது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இசக்கி, செங்கோட்டை வண்டிக்காரர். அவர் வண்டியில் நீ வருவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, "தென்காசிக்குக் காலியாத்தாம்மா போறேன். அண்ணாச்சிய நான் கொண்டு போறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடைசிப் பயணமும் ஓசி வண்டியிலா? நாளைக்குக் கடையத்தில் இதையும் சொல்லிச் சிரிக்க வேண்டுமா? என் வீட்டுக்காரர் கையிலிருந்த பணத்தை வாங்கி, நானே இசக்கியிடம் நீட்டினேன். "வாடக என்னன்னு சொல்லுங்க. முன்கூட்டியே வாங்கிக்கிடுங்க. சும்மா ஏத்தக் கூடாது." துக்க வீட்டுக்காரி பேசுகிற குரலாக அது இல்லை. கூலி பேசி ஆள் வைக்கிற குரலாக இருந்தது. எனக்கே கேட்டது.

இசக்கி பணத்தைப் பார்க்கவில்லை. "காலி வண்டிக்கு என்னம்மா வாடக" என்று சொல்லிவிட்டு வைக்கோலை உதறி விரிக்கப் போய்விட்டார். நான் நீட்டிய கையோடு வராந்தாவில் நின்றேன்.

வழியில் இசக்கி உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். நீ சாமானை ஏற்றிவிட்டு உன் பாட்டுக்குப் போகிற ஆள் இல்லையாம். கூடவே வருவாயாம். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவாயாம். மோட்டாரில் வடித்த எண்ணெயைத் தகரத்தில் கொண்டுவந்து எல்லார் வண்டி அச்சுக்கும் விடுவாயாம். "அண்ணாச்சி கூட வந்தா வழித் தூரமே தெரியாது. பேசிக்கிட்டே வருவாவ. மாட்டுக்கும் அவுக சத்தம் தெரியும்" என்றார். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ எந்த வண்டியில் வந்தாய் என்று கேட்டேனே தவிர, அந்த வண்டியில் என்ன செய்துகொண்டு வந்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தென்காசியில் எல்லாம் முடிந்து, ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். இசக்கி மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் சோறு வடித்திருந்தார்கள். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

"இல்லம்மா. பழம் அங்கன ஆஸ்பத்திரி வாசல்ல நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. பாதிய இந்நேரம் மாடு தின்னிருக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன பழம் என்று நான் விடாமல் கேட்டேன். குற்றாலத்துக் கடைகளுக்கு ஏற்றிய பலாப்பழம். அன்று காலை வண்டி நிறையப் பாரத்தோடு ஆஸ்பத்திரி வழியாகப் போனவர், வாசலில் சேதியைக் கேட்டிருக்கிறார். அத்தனையையும் மதில் ஓரம் மழையில் இறக்கிப் போட்டுவிட்டு, வண்டியைக் காலி செய்துகொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார்.

வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். பணம் என் முந்தானை முடிச்சில் அப்படியே இருந்தது. மறுபடி அதை எடுத்து நீட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை, கூப்பிட்டுக் கும்பிடவும் தோன்றவில்லை. இன்றைக்கும் தெருவில் வெறும் வண்டி ஏதாவது கடகடவென்று போனால், அண்ணே, அன்று பணம் நீட்டிய வலது கையை நான் முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.